இரண்டு வரி மேலே

தன் தங்கையின் திருமணத்துக்குக் குடித்துவிட்டு வந்த மகனை வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். ஆறு வருடங்கள் அதற்காக வருந்தவில்லை. அவனை ஏதோ ஓர் ஆதரவற்றோர் விடுதியில் பார்த்ததாகச் செய்தி வந்த பிறகுதான் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லா விடுதிகளிலும் இருப்பவர்களின் பட்டியலைப் பராமரிக்கும் அலுவலகத்தில்தான் என் மகளுக்கு வேலை.

"அண்ணன் பேரை அடிச்சாப் போதும்பா, கண் மூடித் திறக்கறதுக்குள்ள வந்துரும்."

"தேடினது யாருன்னும் பதிவாகுமில்ல?"

"ஆகும்."

"அப்ப வேண்டாம். நீயும் தேடக் கூடாது. நம்ம வீட்டுப் பையன் அங்க கிடக்கான்னு நாலு பேர் சிரிக்கவா? இணையத்துல இருக்கற பட்டியலை நானே படிச்சுப் பாத்துக்கறேன். சும்மா படிச்சாப் பதிவாகாதில்ல."

"அறுபதாயிரம் பேரையா? கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்க."

"தலையே போனாலும் உங்கப்பாவுக்குக் கழுத்து வளையாதுடி" என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி.

தினமும் காலையில் முப்பது பக்கம். முடித்த பக்கத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அடுத்த பக்கத்தைத் திறப்பேன். பக்க எண் ஆயிரத்தைத் தாண்டியதும் கணினி திணறியது.

"பக்க எண்ணைக் கேட்டா அது ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலேர்ந்து எண்ணிக்கிட்டு வரும்பா. கடைசியாப் படிச்ச ஆளோட பதிவு எண்ணைக் குடுங்க, நேரா அங்க போய் நிக்கும்."

"பக்கம்னா பக்கம்தான். எனக்குப் படிக்கச் சொல்லித் தராதே."

நாற்பத்தோராம் நாள் முடித்தேன். "அவன் இல்ல. நம்ம மானம் பொழச்சுது" என்றேன்.

மகள் என் குறிப்பேட்டைப் புரட்டினாள். வெறும் பக்க எண்கள்.

"தினமும் பட்டியல்லேர்ந்து ஆளுங்களை நீக்கறோம்பா. மேல ஒருத்தர் போனா கீழ இருக்கறவங்க எல்லாரும் ஒரு வரி ஏறிடுவாங்க. அடுத்த பக்கத்துல முதல் வரிகள்ல இருந்தவங்க, நீங்க முந்தின நாள் முடிச்ச பக்கத்துக்குள்ள போயிருப்பாங்க. அவங்களை நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க."

என்னைக் கேட்காமலே அண்ணன் பெயரை அடித்தாள். நான் தடுக்கவில்லை. ஒரு நொடிகூட ஆகவில்லை. இருப்பவர்கள் பட்டியலில் அவன் இல்லை. நீக்கப்பட்டவர்கள் பட்டியலில் இருந்தான். காரணம்: மரணம். உறவினர்: எவருமில்லை.

பழைய பதிவுகளை வைத்து அவள் கணக்கிட்டுச் சொன்னாள். பன்னிரண்டாம் நாள் காலை நான் திறந்த பக்கத்துக்கு இரண்டு வரி மேலே இருந்திருக்கிறான். அதன் பிறகு பதினெட்டு நாள் உயிரோடு இருந்திருக்கிறான்.

மகள் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அவன் பெயரை நீக்கிய அன்று, அவனுக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் ஒரு வரி ஏறியிருப்பார்கள். மறுநாள் காலை வழக்கம்போல் முப்பது பக்கம் படித்துவிட்டு, அவன் இல்லை என்ற நிம்மதியோடு நான் எழுந்திருக்கிறேன்.