லாபம் சேர்த்துப் பதினொன்று

கருப்பணன் அந்த எலக்ட்ரானிக் தராசை எண்ணுவதற்காக வாங்கவில்லை. அடுத்த தெருவில் பூட்டுக் கம்பெனி வைத்திருக்கும் முகமது பாரூக்குக்கு வயிறு எரிய வேண்டும், அதற்காக வாங்கினார். எண்பத்தெட்டாம் வருடம் திண்டுக்கல்லில் அவருடையதைத் தவிர வேறு எந்தப் பூட்டுக் கம்பெனியிலும் அப்படி ஒரு சாமான் இல்லை, அது போதாதா அவருக்கு. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, நிலக்கோட்டை மல்லிகையை முழம் முழமாகச் சுற்றினார். சுற்றிய மறுநாளே கோயமுத்தூருக்கு டிரங்க் கால் போட்டு, மிசினில் எழுத்தே தெரியவில்லை, ஏமாற்றிவிட்டீர்கள் என்று கத்தினார்.

தராசுக் கம்பெனி பொன்ராஜை அனுப்பியது. அவன் வந்து பூவை எடுத்தான். எழுத்து தெரிந்தது. இதற்காகவா பஸ் ஏறி வந்தோம் என்று அவன் முகம் தானாகச் சுளித்தது. உடனே அதைக் கஷ்டப்பட்டுச் சரி செய்துகொண்டான்.

அந்த முகம்தான் அவனுக்குச் சனியன். பாலசமுத்திரத்துப் பையன், டிப்ளமோ படித்தவன், வேலையில் கெட்டிக்காரன். ஆனால் முட்டாளைக் கண்டால் முகத்தில் எழுதி ஒட்டிவிடும். ஏற்கெனவே இரண்டு இடத்திலிருந்து புகார் வந்துவிட்டது. மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: தராசை ஓட்டிக் காட்டிவிட்டு கருப்பணன் கையெழுத்தோடு வந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் அப்படியே ஊருக்குப் போய்விடு. அதனால் இந்தத் தடவை வாயையும் முகத்தையும் பூட்டி வைப்பதென்று தீர்மானித்திருந்தான்.

தராசின் வேலை எளிது. பூட்டுக்குள் போகும் லீவர் என்கிற பித்தளைத் துண்டுகளைச் சாணார்பட்டிப் பக்கத்துப் பெண்கள் பையில் வாங்கிப் போய், வீட்டில் அரம் போட்டு, திருப்பிக் கொண்டுவருவார்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. இதுவரை கையால் எண்ணினார்கள். இனி தட்டில் பத்து லீவரை வைத்தால் போதும், ஒன்றின் எடை என்ன என்று தராசு தெரிந்துகொள்ளும். பிறகு பையைக் கொட்டினால் மொத்தம் எத்தனை என்று சொல்லிவிடும். எதற்குப் பிறகு எதைச் செய்வது என்பதைத் தராசே எழுத்தில் காட்டும். படித்துப் பார்த்துச் செய்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்கினால் அடுத்த வரி வரும். அந்த வரிகளை எழுதி உள்ளே ஏற்றுவதுதான் பொன்ராஜின் வேலை. ஆங்கில எழுத்து மட்டுமே வரும், அதுவும் ஒரு வரிக்குப் பதினாறுதான். அதனால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினான்: ‘தட்டை துடைங்க’, ‘பத்து போடுங்க’, ‘பையை கொட்டுங்க’. தராசை ஓட்டப்போகும் சூர்யகலா பத்தாவது படித்தவள். மடமடவென்று வாசித்துவிட்டாள்.

கருப்பணன் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

“என்னப்பு இது, போடுங்க, கொட்டுங்க? கூலிக்கு அரம் போடுறவளுக்கு என் மிசினு ‘ங்க’ போடணுமா? வெட்டு.”

வெட்டினான்.

“மொதல் வரியா ‘திருடாதே’ன்னு போடு.”

போட்டான். முகம் சுளிக்காமலிருக்க உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே போட்டான்.

“அந்தப் பத்தை நான்தான் வைப்பேன். கண்டவ கை பட்டா ராசி போயிரும். அதையும் எழுது.”

‘முதலாளி 10 போடு’ என்று எழுதினான். சூர்யகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கருப்பணனுக்கு விஷயம் புரியச் செத்த நேரம் ஆயிற்று.

“ஏலே, என்னையவா போடுங்குது?”

அவருக்கு மட்டும் ‘ங்க’ திரும்பி வந்தது. வந்ததும் வரி நிரம்பிவிட்டது. ‘முதலாளி போடுங்க’ என்பதே ஆங்கிலத்தில் இடைவெளியோடு சரியாகப் பதினாறு எழுத்து. பத்துக்கு இடமில்லை. அடுத்த வரியில் பத்து என்று காட்டலாமா என்று பொன்ராஜ் கேட்டான்.

“எனக்கே பத்துன்னு பாடம் எடுக்குதாக்கும்? எடு அதை.”

எடுத்தான். ஒரு மனிதனின் மரியாதைக்காக ஒரு எண் வெளியே போயிற்று. இப்படிப்பட்டவர்களெல்லாம் முதலாளியாக இருக்கிற நாட்டில் தராசுக்குப் புத்தி இருந்து என்ன பிரயோசனம் என்று அவன் நினைத்தான்.

அன்று முதலில் பையோடு வந்தவள் செல்லக்கிளி. பல வருஷமாக லீவர் அரம் போடுகிறவள், எண்ணிக்கையில் ஒரு நாளும் பேச்சு வாங்காதவள். ஆயிரம் லீவர் வாங்கிப் போயிருந்தாள். கருப்பணன் அவள் பையில் கைவிட்டு எடுத்து, தட்டில் ஒவ்வொன்றாக வைத்தார்.

“லாபம். ஒண்ணு. ரெண்டு. மூணு...”

வியாபாரிகள் எண்ணும்போது ஒன்று என்று தொடங்காமல் லாபம் என்று தொடங்குவது ஊர் வழக்கம். கருப்பணன் ஒரு படி மேலே. அவருக்கு லாபம் தனி, ஒன்று தனி. முதல் லீவரை லாபம் என்று வைத்துவிட்டுத்தான் ஒன்று, இரண்டு. கையால் எண்ணிய காலத்தில் ஒரு பைக்கு ஒரு லீவர் அப்படி அவர் பக்கம் போகும். பெண்களும் போய்த் தொலையட்டும் என்று கடையில் ஒன்றை வாங்கிச் சேர்த்தே கொண்டுவருவார்கள்.

பத்து என்று சொல்லி முடித்தார். சூர்யகலா பச்சைப் பொத்தானை அமுக்கினாள். பையைக் கொட்டினார்கள்.

“தொள்ளாயிரத்துப் பத்து,” என்று வாசித்தாள் சூர்யகலா. நம்ப முடியாமல் இன்னொரு தடவை வாசித்தாள்.

செல்லக்கிளி பையை உதறிக் காட்டினாள். “ஆயிரமும் லாபத்துக்கு ஒண்ணும் கொண்டாந்தேன் மொதலாளி. கையில எண்ணிப் பாருங்க.”

“கையில எண்ணவா இம்புட்டுச் செலவழிச்சு மிசினு வாங்கிருக்கேன்? மொதல் வரியிலேயே திருடாதேன்னு சொல்லுது. அதுக்குப் பெறகும் தொண்ணூறை அமுக்கிருக்க. இத்தனை வருசமா எம்புட்டு அமுக்கினியோ.”

அவள் பொன்ராஜின் பக்கம் திரும்பினாள். “தம்பி, நீங்கதானே இதுக்கு எழுதிக் குடுத்தவரு. நீங்க சொல்லுங்க. நான் களவாணியா?”

பொன்ராஜுக்குத் தெரியும். லாபம் என்று விழுந்த லீவரை அவன் கண்ணால் பார்த்தான். தட்டில் பதினொன்று இருக்கிறது, பத்து என்று தராசு நம்புகிறது, ஒவ்வொரு லீவரும் கொஞ்சம் கனமானது என்று கணக்குப் போட்டு பை முழுவதையும் குறைத்துவிட்டது. பைக்கு ஒன்றாகப் போன லாபம் இப்போது பத்துக்கு ஒன்றாகப் போகிறது. ஒரு வார்த்தை போதும். ஆனால் சட்டைப்பையில் கையெழுத்து வாங்க வேண்டிய ரிப்போர்ட் மடித்து இருந்தது.

“பாக்கணுங்க,” என்றான்.

கருப்பணனைத் தனியே கூப்பிட்டுப் பக்குவமாக விளக்கினான். அவர் முதலில் விழித்தார். பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. தப்பு தெரிந்த வெளிச்சம் என்று பொன்ராஜ் நினைத்தான். அவ்வளவு நல்லெண்ணம் வைத்தது அவன் குற்றம்.

“அப்ப, நான் ஒண்ணு கூட வச்சா பை பூரா லாபமா?”

“லாபமில்லீங்க. தப்புங்க.”

“அதை நீ சொல்லாத. அப்படியே கெடக்கட்டும். சாயங்காலம் பாரூக் பாய் வாராரு. அவர் முன்னாடி இவ பையை மறுபடி எண்ணி, மிசினு எப்புடிக் களவாணியப் பிடிக்குதுன்னு காட்டணும். பொறவு உனக்குக் கையெழுத்து.”

செல்லக்கிளியை வீட்டுக்கு விடவில்லை. குடோன் வாசலில், போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி உட்காரவைத்தார்கள். பாரூக்குக்குக் காட்டுவதற்கு மிசின் ஒன்று, களவாணி ஒன்று.

பொன்ராஜ் டீக்கடையில் உட்கார்ந்து கருப்பணனைக் கேவலமாக நினைத்தான். நினைக்க நினைக்கச் சுகமாக இருந்தது. காசுக்காக அல்பம், அல்பத்துக்கு மேல் ஜம்பம். இரண்டாவது டீக்குப் பிறகு ஒரு யோசனை வந்தது. திரும்பி வந்து, எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

சாயங்காலம் பாரூக் வெள்ளைச் சட்டையில் வந்தார். கருப்பணன் வேட்டியை மடித்துக் கட்டி, மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார். செல்லக்கிளியை எழுப்பிக் கொண்டுவந்தார்கள். தட்டைத் துடைத்தார்கள்.

‘முதலாளி போடுங்க.’

“பாத்தீங்களா பாய், மரியாதையாக் கூப்புடுது.” லாபம் என்று தொடங்கிப் பத்துவரை எண்ணி வைத்தார். பச்சைப் பொத்தான். அடுத்த வரி வந்தது. கருப்பணன் எழுத்துக் கூட்டினார். “லா... பம். ஏலே, லாபங்குது பாய்.” அந்தச் சந்தோஷத்தில் மிச்சத்தைப் படிக்கவில்லை.

பாரூக் படித்தார். “லாபம் சேர்த்து பதினொண்ணு.” தட்டைப் பார்த்தார். “ஆமா, பதினொண்ணுதான் இருக்கு.”

சூர்யகலா பொத்தானை அமுக்கினாள். காலையில் முதலில் வந்த வரி இப்போது இங்கே வந்திருந்தது.

“திருடாதே,” என்று பாரூக் சத்தமாகவே வாசித்தார். “யாரைச் சொல்லுதுண்ணே? தட்டுக்கிட்ட நீங்கதான் நிக்கிறீங்க.”

பையைக் கொட்டினார்கள். ஆயிரத்தொன்று.

கருப்பணன் தராசின் பக்கவாட்டில் லேசாகத் தட்டிப் பார்த்தார். ஆயிரத்தொன்று அப்படியே நின்றது.

“ஆயிரம்தானே கணக்கு?” என்றார் பாரூக். “களவாணி யாராவது ஒண்ணு கூடுதலாக் கொண்டாருவாளாண்ணே?”

கருப்பணன் பொன்ராஜைப் பார்த்த பார்வையில் ஆளைச் சுட்டிருக்கலாம். “நீங்க வைக்கிற லாபத்தையும் கணக்குல சேத்துட்டேனுங்க,” என்றான் அவன், குழந்தை முகத்தோடு. “நீங்க எத்தனை வைக்கணுமுன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதியும் வெச்சுட்டேனுங்க.”

“நல்ல மிசினு. எனக்கும் ஒண்ணு சொல்லி விடு தம்பி,” என்றார் பாரூக்.

அதற்குப் பிறகு மிசின் சரியில்லை என்று கருப்பணன் எந்த வாயால் சொல்வார்? பாரூக் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். பேனா முனை தாளைக் கிழித்தது. பொன்ராஜ் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். இரண்டு புகாருக்கும் சேர்த்து ஜெயித்த மாதிரி இருந்தது.

செல்லக்கிளி தட்டிலிருந்து ஒரே ஒரு லீவரை எடுத்தாள். தராசு ஆயிரம் என்று காட்டியது. எடுத்ததை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“இனிமே லாபம் கொண்டார மாட்டேன் மொதலாளி,” என்றாள். கருப்பணன் எங்கோ பார்த்தார்.

வாசலில் பொன்ராஜ் நின்றிருந்தான். அவள் கிட்டே வந்தாள். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தான்.

“தம்பி, இது காலையிலயே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“நான் கேட்டப்பவே?”

அவன் கை சட்டைப்பையின் மேல் போயிற்று.

“பகல் பூரா ஊரு பாக்கக் களவாணியா ஒக்காந்திருந்தேன். நீங்க டீ குடிச்சிட்டு வந்தீக.”

அவள் குரலை உயர்த்தவில்லை. முகத்தைத்தான் லேசாகச் சுளித்தாள். அந்தச் சுளிப்பு அவனுக்குப் பழக்கமானது. இத்தனை நாளும் மற்றவர்களுக்காக அவனே வைத்திருந்தது. எதிரிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பது மட்டும் அதுவரை அவனுக்குத் தெரியாது. அவள் காலிப் பையை உதறி மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு சாணார்பட்டி பஸ்ஸுக்கு நடந்தாள்.