தணல் கட்டில்

"சட்டிய கீழ வைடி, கை வெந்து..."

"வேவட்டும் மாமி, நீங்க அந்த சன்னலத் தொறங்க..."

"பச்ச ஒடம்புக்காரி படுத்திருக்கற அறையில சன்னலத் தொறக்கவா? காத்துப் பட்டு இழுப்பு வந்தா யாரு..."

"வெளியேருந்து வர்றது வரட்டும். உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

ரஹ்மத் நிஷா கட்டிலுக்கு அடியிலிருந்த தணல் சட்டியைப் பழந்துணியால் பிடித்துக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்து சாம்பிராணிக் கரண்டியையும் எடுத்துக்கொண்டாள். அஷ்ரஃபுன்னிசா வழியை மறித்து நின்று பார்த்துவிட்டு, நெருப்புக்குப் பயந்து விலகினாள்.

கட்டிலில் கிடந்தவள் நிஷா லாத்தா என்றழைக்கும் அக்கா மதார் பீவி, அஷ்ரஃபுன்னிசாவின் மருமகள். போன வாரம் இதே அறையில், தெருமுனை மருத்துவச்சி கையில், பெண் குழந்தை பெற்றிருந்தாள். அக்காவுக்கு மாசம் ஏறியதுமே தங்கையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். சகோதரிகளின் வாப்பா பக்கீர் மைதீன் காரைக்காலிலிருந்து இந்தச் சைகோனுக்குத் துணி விற்க வந்தவர். தாய் சைகோன்காரி. இருவருமே இப்போது இல்லை.

சைகோனில் பிள்ளை பெற்றவளைத் தணலுக்கு மேல் படுக்க வைப்பது வழக்கம். கட்டிலுக்கு அடியில் கரிச்சட்டி, சாத்திய சன்னல், ஒரு மாதம். காரைக்கால் வழக்கம் வேறு. சாம்பிராணிப் புகை, தண்ணீரில் கட்டுப்பாடு, நாற்பது நாள் கழியும்வரை வாசற்படி தாண்டக் கூடாது. அஷ்ரஃபுன்னிசா எதையும் விடவில்லை. தாயில்லாப் பிள்ளை, அவள் தாய் இருந்திருந்தால் செய்திருப்பதிலும் குறை வரக் கூடாது என்று பங்கீட்டுக் கடை வரிசையில் நின்று கரி வாங்கி வந்தது அவள்தான்.

"உங்க உம்மா ஊரு வழக்கம்னு நான் வரிசையில நின்னு வாங்கியாந்தேன். நீ இழுத்து வெளிய போடுறே."

"வாங்குனது தப்புன்னு சொல்லல மாமி. லாத்தா ஒடம்பு சுடுது."

"தணல் மேல படுத்தவ ஒடம்பு சுடாம ஐசு மாதிரியா இருக்கும்?"

"அதுக்குத்தான் எடுத்தேன். கொஞ்ச நேரம் பொறுங்க. தணல் சூடுன்னா ஆறிப் போவும். ஆறலன்னா காச்சல்."

"இத யாரு சொல்லிக் குடுத்தா? கழுத்துல செவப்புத் துணி கட்டிக்கிட்டுப் போனியே, அந்தக் கம்யூனிஸ்டு பள்ளிக்கூடத்துலயா?"

"போக விட்டிருந்தா இன்னும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும்."

"வாய் மட்டும் படிச்சு முடிச்சிருக்கு."

கட்டிலிலிருந்து மதார் பீவி, "சண்ட போடாதீங்க. தண்ணி குடுங்க" என்றாள்.

"ஒரு மடக்குதான்" என்றாள் அஷ்ரஃபுன்னிசா.

நிஷா சொம்போடு கொடுத்தாள். முழுச் சொம்பும் காலியாயிற்று. அஷ்ரஃபுன்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டாளே தவிரத் தடுக்கவில்லை.

சன்னல் வழியே தெருச் சத்தம் வந்தது. சைக்கிள் மணி, சோற்றுக் கூடைக்காரியின் குரல். கட்டில் பலகை குளிர்ந்தது. சுவர் குளிர்ந்தது. அஷ்ரஃபுன்னிசா எழுந்து மருமகளின் நெற்றியில் கை வைத்தாள். பிறகு பிடரியில். பிறகு முந்தானையைத் தள்ளி வயிற்றில். மதார் பீவி முனகினாள்.

புகை போன அறையில் இன்னொன்று மிச்சமிருந்தது.

"மாமி, இந்த வாடை..."

"தெரியுது."

"எப்பலேருந்து?"

"சாம்பிராணி மணத்துல எங்கடி தெரிஞ்சிச்சு? அஞ்சு பெத்தவ நான். இது நல்ல வாடை இல்ல." அவள் குழந்தையைத் துணியில் சுற்றத் தொடங்கினாள். "ஸிக்லோ வண்டி ஒண்ணு கூப்புடு. பள்ளிவாசல் வழியா வேணாம், சுத்திப் போவச் சொல்லு. நாப்பது கழியாதவள கூட்டிப் போறத நாலு பேரு பாக்க வேணாம்."

பிரசவ ஆஸ்பத்திரியில் மதார் பீவியை உள்ளே கொண்டுபோய் வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தாள். வியட்நாமியில் கேட்டாள்.

"கணவர் எங்கே?"

"வுங் டாவ் துறைமுகத்திலிருந்து மீன்பிடிப் படகில் போயிருக்கிறார். கரைக்கு எப்போது வருவார் என்று தெரியாது" என்றாள் நிஷா.

"பெரியவர் யார்?"

நிஷா மாமியைக் காட்டினாள்.

"சொல்வதை அப்படியே அவருக்குச் சொல். நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளேயே தங்கி, கர்ப்பப்பை அழுகிவிட்டது. எங்களிடம் இருக்கிற மருந்து இனி இதற்குப் போதாது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு. பிழைப்பாள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் சுத்தம் செய்து வீட்டுக்கே அனுப்பியிருப்பேன். காய்ச்சல் யாருக்கும் தெரியவில்லையா?"

"தணல் மேல் படுத்திருந்தாள்."

"நாற்றம்?"

"சாம்பிராணி போட்டிருந்தோம்."



"என்ன சொல்றாஹ?" என்றாள் அஷ்ரஃபுன்னிசா.

நிஷா சொன்னாள். இரண்டு நாள் முன்னால் என்றதை மட்டும் சொல்லவில்லை.

"அத எடுத்துட்டா அப்புறம் புள்ள?"

"இல்ல மாமி."

"பத்தொம்பது வயசுடி அவளுக்கு."

"ஆமா."

"எம்புள்ள இப்ராஹிம் வரட்டும்."

"மச்சான் வர்றதுக்குள்ள மவுத்தாயிடும்."

"ஊசி போட்டுப் பாக்கச் சொல்லு. இருக்கறத வச்சுப் பாக்கச் சொல்லு. எடுக்க வேணாம்னு சொல்லு."

"மாமி..."

"பொட்டப்புள்ள ஒண்ணோட கதவ அடைச்சிட்டு எம்புள்ள மொவத்துல நான் எப்புடி முழிப்பேன்? வேணாம்னு சொல்லு."

நிஷா டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"மாமி சம்மதிக்கிறார்கள்."

அஷ்ரஃபுன்னிசாவுக்கு ஆஸ்பத்திரிப் பேச்சு தெரியாதுதான். ஆனால் சந்தையில் எத்தனையோ வருஷம் பேரம் பேசி முடித்தவளுக்கு, சம்மதம் என்கிற அந்த வியட்நாமியச் சொல் தெரியாமலிருக்க வழியில்லை.

டாக்டரம்மா நேராக அவளையே கேட்டாள். "பெரியம்மா, சம்மதம்தானே?"

அஷ்ரஃபுன்னிசா மடியிலிருந்த குழந்தையின் துணியை இழுத்துவிட்டாள். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. டாக்டரம்மா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள். பிறகு நர்ஸிடம் கையசைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

குழந்தை அழுதது. நிஷா விரலைத் தண்ணீரில் நனைத்து அதன் வாயில் வைத்தாள். சப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் அழுதது.

"எனக்கு வெளங்கிச்சு" என்றாள் அஷ்ரஃபுன்னிசா.

"தெரியும் மாமி."

"வெளங்கியும் வாய தொறக்கல."

"அதுவும் தெரியும்."

வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அஷ்ரஃபுன்னிசா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"பொழச்சு வந்தாள்னா அல்லாவுக்கு ஷுக்ரு. ஆனா ஆம்புளப்புள்ள வேணும்னு ஒரு நாளு இப்ராஹிம் இன்னொருத்திய நிக்காஹ் பண்ணி கூட்டியாருவான், நான் சொன்னாலும் கேக்க மாட்டான். அன்னிக்கு உங்க லாத்தா எங்கிட்ட வந்து, யாரு எடுக்கச் சொன்னதுன்னு கேப்பா. நான்னு சொல்லணுமா, நீன்னு சொல்லணுமா?"