கற்பூரம் அணைத்த கை

பாண்டியராஜன் குளித்து முழுகி, நெற்றி நிறையச் சந்தனம் பூசி, பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கருப்பசாமி முன்னால் நின்றான். நாகஜோதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். த்தூ, என்ன நடிப்பு.

அவன் அவளுடைய அத்தை மலையம்மாளின் மகன். போன மாதம் கோச்சடையில் அத்தை வீட்டில் காதுகுத்து. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் நாகஜோதி, ஜமுக்காளம் எடுக்க மாடிக்குப் போனாள். பின்னாலேயே வந்தவன் கதவைத் தாழிட்டான். விடு, வேண்டாம் என்று அவள் கத்தியது கீழே அலறிய மைக் செட்டில் அமுங்கிப்போனது. அவளைப் பலவந்தம் செய்துவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கியவன், பந்தியில் உட்கார்ந்து குழம்பு கேட்டு வாங்கித் தின்றான்.

அவள் வீட்டில் சொன்னாள். அப்பா நல்லகாமன் தன் அக்காவிடம் போய்க் கேட்டார். "எம்மகன் தொடலன்னு கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவான், போதுமாடா?" என்றாள் அத்தை. சத்தியம் முடிந்து இரண்டு வீட்டாரும் திருநீறு வாங்கிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது, அப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது. அப்பாவுக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. அம்மா மாயக்காளோ அன்றிலிருந்து எதுவுமே பேசவில்லை. அம்மா தன்னை நம்புகிறாளா இல்லையா என்பதுதான் நாகஜோதியை அரித்துக்கொண்டிருந்தது.

பூசாரி கற்பூரம் ஏற்றினார். பாண்டியராஜன் கொஞ்சமும் கூசாமல் உள்ளங்கையால் அதை அமுக்கி அணைத்தான்.

"மாடிப் பக்கமே நான் போகல. அவ எனக்குத் தங்கச்சி மாதிரி."

முறைப்பெண்ணைத் தங்கச்சி என்கிறான், வெட்கங்கெட்டவன்.

"இருந்தாலும் ஊரு நாலு பேசும்ல. எம்மகனே அவளக் கட்டிக்கிருவான்" என்றாள் அத்தை, பெரிய மனசு பண்ணுகிறவளாக.

"தங்கச்சியவா அத்தை?" என்று கேட்டாள் நாகஜோதி.

பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டினார். அப்பா வாங்கிப் பூசிக்கொண்டார். தட்டு அம்மாவிடம் வந்தது. அம்மா கையை நீட்டவில்லை.

"எனக்கு வேணாம் சாமி. எம்மக பொய் சொல்ல மாட்டா."

"என்ன பேசுற நீ? புள்ள பேரு கெட்டுரும்" என்றார் அப்பா.

"கெட வேண்டியது இவன் பேரு." அம்மா மகளின் கையைப் பிடித்தாள். "கிளம்புத்தா, மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம்."

"அதான் சத்தியம் பண்ணிட்டேன்ல அத்தை, எதுக்குப் போலீசு?" என்றான் பாண்டியராஜன். சாமிக்குப் பயப்படாதவனுக்கு இப்போது நாக்குக் குழறியது.

ஸ்டேஷனுக்குப் போக ஏறிய மாட்டுத்தாவணி பஸ்ஸில் நாகஜோதியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"இம்புட்டு நாளா ஏம்மா பேசாம இருந்த?"

"பயந்து கிடந்தேன்த்தா. நீ சொன்ன அன்னைக்கே நம்பிட்டேன்."

அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன என்று நாகஜோதிக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அம்மா பிடித்த கையை அவள் உதறவில்லை.