சுற்றாத உருளை

...கையுறை வேண்டாமாம், கை கழுவிட்டானாம், கழுவினதை யார் பார்த்தது, கழுவினாலும் பேன்ட்டில்தானே துடைத்திருப்பான், சுட்ட மாட்டிறைச்சியை ரொட்டியில் வைத்து விரலெல்லாம் கொழுப்பு வழியத் தின்ற கை, அந்தக் கை இப்போது எங்கே இருக்கிறது பார், ரிவால்வரின் யானைத்தந்தப் பிடியில், அதற்கு மேலே நீலப் பூச்சு மங்காத இரும்பில், கட்டைவிரல் மட்டும் தனியாக ஊர்கிறது... வெண்டல் தன் வீட்டு முன்னறையில், தன் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தே ஆகவேண்டும். ரிவால்வரைக் கையில் வைத்திருக்கிற ஆள் பஸ்டர் கிம்ப்ரோ, அமரில்லோவுக்கு வடக்கே மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறவன், அடுத்த மாதம் வெண்டலின் மகள் ட்விலாவைத் தன் பையனுக்குக் கட்டிவைக்கப் போகிறவன், அதாவது சம்பந்தி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து முதன்முதலாக விருந்துக்கு வந்த சம்பந்தி கையிலிருந்து ஒரு பொருளை வெடுக்கென்று பிடுங்க முடியுமா. போதாததற்கு வாசற்படியில் நேடீன் வேறு. கையில் ஐஸ் டீ ஜாடி, கண் மட்டும் கணவன் மேல். காலையிலேயே சொல்லிவிட்டாள், "இன்னிக்கு ஒரு நாளாவது பல் டாக்டரா இரு, மியூசியம் வாட்ச்மேனா இருக்காதே. அந்த மனுஷன் முன்னாடி ஏதாவது உளறி வெச்சே, அப்புறம் இருக்கு உனக்கு." சரி என்று தலையாட்டினார்தான். சாப்பாட்டு மேஜையில் கிம்ப்ரோ தன் காளையைப் பற்றி ஆரம்பித்து அதன் தாத்தா வரைக்கும் போனபோதுதான் பொறுக்கவில்லை, என்கிட்டேயும் ஒண்ணு இருக்கு வாங்க காட்டறேன் என்று வாய் கொடுத்தது யார், இவரேதான். வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்த மனுஷனுக்குத் தன் வாயை மூடத் தெரியவில்லை.

இப்போது பிரச்சனை கொழுப்பு இல்லை, கொழுப்பை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிடலாம், பிரச்சனை அந்தக் கட்டைவிரல். துப்பாக்கியின் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கிற சுத்தியலைப் பின்னால் இழுத்தால் குண்டு போடுகிற உருளை ஒரு அறை சுற்றும், சுற்றும்போது அடியிலிருக்கிற சின்னக் கொக்கி உருளையில் உரசும், ஒரு கோடு விழும். மயிரிழைக் கோடுதான். ஆனால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற ஏலக்காரன் கண்ணுக்கு அது வாய்க்கால். நூற்று நாற்பது வருஷத்துத் துப்பாக்கியில் அந்தக் கோடு இல்லை. உடம்பெல்லாம் கொடி கொடியாகச் செதுக்கல், கொடி நடுவில் ஒரு மான், மானின் கண்ணுக்குள் தங்கம், எல்லாம் சரி, செதுக்கின துப்பாக்கி இன்னும் நாலு பேரிடம் இருக்கிறது, கோடு விழாத உருளை யாரிடம் இருக்கிறது... ஏரிக்கரை வீட்டை விற்று வாங்கினது இதற்காகத்தான். நேடீன் இதற்குப் பென்ஷன் என்றே பேர் வைத்துவிட்டாள், "பென்ஷனுக்கு வெல்வெட் மெத்தை, எனக்குக் கிழிஞ்ச சோபா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். சேகரிக்கிறவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு, தொடலாமா என்று கேட்பார்கள், கையுறை போடுவார்கள், சுத்தியல் பக்கம் விரலைக் கொண்டுபோகவே மாட்டார்கள், இவனுக்கு யார் போய்ச் சொல்லுவது. சொன்னால் என்ன, நாகரிகமாக, இரண்டே வார்த்தை, அதை மட்டும் இழுக்காதீங்க... ஐயோ, அதைச் சொன்னால்தான் இழுக்கத் தோன்றும். எத்தனை பேரிடம் நாக்கை அசைக்காதீங்க என்று சொல்லியிருக்கிறார், சொன்ன நொடியில் அசைக்காத ஒரு நாக்கு உண்டா.

"எங்கப்பாகிட்டேயும் ஒண்ணு இருந்துச்சு டாக்டர்," என்றான் கிம்ப்ரோ, பேச்சுக்குத் தகுந்தபடி ரிவால்வரும் மேலே போய்க் கீழே வந்தது. "வேலிக்கு ஆணி அடிக்க அதோட பின்பக்கந்தான். சுத்தி தேட சோம்பேறித்தனம் அந்தாளுக்கு." வெண்டலும் சிரித்தார். ஆணி அடித்தானாம். இதை ஒருத்தன் சொல்லவும் செய்கிறான், அதற்கு நாம் சிரிக்கவும் வேண்டியிருக்கிறது, ட்விலா, உனக்காக அம்மா, நீ மட்டும் அந்தப் பையனோடு சந்தோஷமாக இல்லாமல் போய்ப் பார், அப்புறம் தெரியும்... கட்டைவிரல் இப்போது சுத்தியல் மேலேயே உட்கார்ந்துவிட்டது. மொட்டை நகம், ஓரத்தில் தழும்பு, கயிறு உரசின தழும்பாக இருக்கும். அழுத்துகிறானா, இல்லை, சும்மா வைத்திருக்கிறான், இல்லை, அழுத்துகிறான், மூட்டு வெளுக்கிறது பார்... ஒரு கோடு, போச்சு, ஏரிக்கரை வீடு போச்சு.

"இது சுடுமா டாக்டர்?"

"தெரியாதுங்க."

"சுட்டுப் பார்த்ததில்லையா?"

"இல்லை." அதோடு நிறுத்தியிருக்கலாம், பெருமை விடவில்லை. "யாருமே இல்லை. முதல்ல ஒரு பேங்க் முதலாளிக்கு வந்த பரிசு, பெட்டியை விட்டு எடுக்கல. அப்புறம் அவர் சம்சாரம். அப்புறம் டென்வர்ல ஒரு வக்கீல். செஞ்ச நாள்லேருந்து ஒரு தடவைகூட யாரும் அந்தச் சுத்தியலை இழுத்ததில்லை."

கிம்ப்ரோ ரிவால்வரைப் பார்த்தான், வெண்டலைப் பார்த்தான், மறுபடி ரிவால்வரைப் பார்த்தான். கட்டைவிரலை எடுத்துவிட்டான். "பாவம்," என்றான். அவ்வளவுதான், கேலியில்லை, நிஜமாகவே வருத்தம், நோஞ்சான் கன்றைப் பார்த்தால் வருகிற வருத்தம். பிறகு பண்ணைக்காரன் கைக்கு நம்ப முடியாத பதவிசோடு அதை வெல்வெட்டில் கிடத்திவிட்டு, "சூடா ஏதோ பெக்கான் பருப்புப் பலகாரம் இருக்குன்னு சொன்னீங்களேம்மா" என்று நேடீன் பின்னாலேயே போய்விட்டான்.

தப்பித்தது. வெண்டல் மூச்சு விட்டார், பூதக்கண்ணாடியை எடுத்தார், உருளையை ஓரம் ஓரமாகப் பார்த்தார், கோடு இல்லை, ஒரு கீறல் இல்லை, கடவுள் இருக்கிறார். சந்தோஷப்படு என்று தனக்கே சொல்லிப் பார்த்தார். வரவில்லை. ஏன் வரவில்லை... அந்த விரல் விலகினபோது மார்புக்குள் என்னவோ இறங்கியதே, அது நிம்மதி என்றுதானே நினைத்தோம், நிம்மதி இப்படியா இருக்கும், பட்டாசு வெடிக்கும் என்று காதைப் பொத்திக்கொண்டு நின்று அது புஸ்ஸென்று போனால் வருமே, அது மாதிரியல்லவா இருந்தது. அப்படியென்றால் என்ன அர்த்தம், இழுத்துவிடட்டும் என்றா காத்திருந்தோம், பழி சம்பந்தி தலையில், சத்தம் நம் காதில் என்றா... சே, என்ன புத்தி இது. எப்படி இருக்கும் அந்தச் சத்தம்? கடக் என்றா, கிளிக் என்றா? பதினாறு வருஷமாக வைத்திருக்கிறார், தெரியாது. வக்கீலுக்கும் தெரியாது, பேங்க்காரருக்கும் தெரியாது. நாளைக்கு ஏலப் புத்தகத்தில் அந்தப் பேர்களுக்குக் கீழே இவர் பேரும் ஏறும், வெண்டல் ஸ்டப்ஸ், பல் மருத்துவர், அமரில்லோ. அதைப் படிக்கிறவன், நல்லவேளை, இந்த மனுஷனும் ஒன்றும் செய்யவில்லை என்று சந்தோஷப்பட்டு விலையைக் கூட்டுவான்.

உள்ளே கிம்ப்ரோவின் சிரிப்பு, தட்டுச் சத்தம், ட்விலா எதற்கோ சிணுங்குகிறாள். "அங்க என்ன பண்ணிட்டிருக்கே?" என்றாள் நேடீன் சமையலறையிலிருந்து.

"ஒண்ணும் பண்ணல," என்றார் வெண்டல். சொல்லிவிட்டுக் கீழே பார்த்தால், கையுறை போடாத கை, யாரைக் கேட்டு அங்கே போனதோ, கட்டைவிரல் சுத்தியல் மேல் இருந்தது. விரலை எடுத்துவிடலாம். பலகாரம் ஆறிவிடும், எடுத்துவிட வேண்டியதுதான்... எடுக்க வரவில்லை.