பிடித்த பத்துப் புத்தகங்களும் ஓர் எருமையும்

ஜனவரி ஒன்பதாம் தேதி மாலை, நூலகத்தில் குழந்தைகள் பிரிவைக் கவனித்துவந்தவளின் மூன்றாவது மாடி வீட்டுக்குச் சளி பிடித்த காண்டாமிருகம் ஒன்று வந்து, கால்மிதியில் நான்கு கால்களையும் துடைத்துவிட்டு உள்ளே நுழைந்தது. அந்தக் காண்டாமிருகத்தின் கதையை அவள் அப்போதுதான் படித்து முடித்துப் புத்தகத்தை மூடியிருந்தாள். டயர் கடை வைத்திருந்த கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்து, "கதவைச் சாத்தச் சொல்லு, கொசு வருது" என்றார்.

அந்த வருடம் நூலகக்காரி நூற்று நாற்பது புத்தகங்கள் படித்தாள். மனசாரப் பிடித்த புத்தகத்திலிருந்து யாராவது கிளம்பி வந்தார்கள். வாய் வார்த்தைக்கு அவள் ஆகா ஓகோ என்று புகழ்ந்த புத்தகங்களிலிருந்து ஈ காக்கைகூட வரவில்லை. மார்ச்சில், இடது கால் செருப்பை மட்டும் திருடும் இரட்டைத் திருடர்கள் வந்து அக்கம்பக்கத்தாரை நொண்டவிட்டார்கள். அடுத்து, செத்த பிறகும் கணக்குப் பரீட்சைப் பயம் போகாத பேய் ஒன்று பரண்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. "படிக்கிறதுதான் படிக்கிற, ஒரு சமையல் புத்தகம் படிச்சா என்ன? உபயோகமா யாராவது வருவாங்கல்ல" என்று கணவர் மாதம் ஒருமுறை கேட்டார். பிள்ளைகள் புத்தகம் படிக்கத்தான் தனக்குச் சம்பளம் என்று அவளும் மாதம் ஒருமுறை பதில் சொன்னாள்.

ஆகஸ்டில் வந்தவள் பதினைந்து வயதுப் பெண். இளையோர் நாவல் ஒன்றின் நாயகி. வந்ததும் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டவள் இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே வந்தாள். சாம்பார் வாயில் வைக்கச் சகிக்கவில்லை என்றாள். கணவரின் ஜோக்குகளுக்கெல்லாம் வயசாகிவிட்டது என்றாள். ஆனால் காண்டாமிருகத்துக்கு வேளா வேளைக்கு மருந்து ஊற்றியது அவள்தான். நூலகக்காரிக்கு அந்தத் துடுக்குப் பெண்மேல் கொள்ளை ஆசை வந்துவிட்டது. ஒருநாள் வெங்காயம் நறுக்கும்போது அந்தப் பெண் தலை நிமிராமலே சொன்னாள்: "கடைசிப் பக்கத்துல நான் வீட்ட விட்டு பஸ் ஏறிடுவேன்ல? அதுக்கப்புறம் அந்த பஸ் எங்கயும் போகல. ரொம்ப நாள் அதுக்குள்ளயே உக்காந்திருந்தேன்."

சிக்கல் டிசம்பரில் வந்தது. வருடக் கடைசி நாளன்று 'இந்த ஆண்டு பிடித்த பத்து' என்ற பட்டியலை நூலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது நூலகக்காரியின் வேலை. முதல் இடம் தலைமை நூலகர் எழுதிய 'நற்பழக்கப் பாடல்க'ளுக்கு என்பது பதினோரு வருட வழக்கம். ஒரே புத்தகம் வருடா வருடம் அவளுக்குப் புதிதாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மீதி இடம் ஒன்பதுதான்; வீட்டில் இருந்தவர்களோ, பின்னால் வந்தவர்களையும் சேர்த்து, பத்துப் புத்தகத்துக்காரர்கள். ஒருநாள் பென்சிலில் எழுதிப் பார்த்தபோது அவள் திருடர்களை விட்டுவிட்டாள். கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த இருவரும் முழங்கால்வரை மறைந்துபோனார்கள். அலறியடித்துக்கொண்டு அவர்களைத் திரும்ப எழுதியதும் கால்கள் வந்தன. ஒரு ஆள் போயாக வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்துபோயிற்று.

அன்றிலிருந்து வீடு தாங்க முடியாத அளவுக்கு ஒழுங்காகிவிட்டது. காண்டாமிருகம் தும்மலை அடக்கியது. பேய் தானாகவே வகுத்தல் கணக்குப் போட்டது. திருடர்கள் பதினான்கு செருப்புகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பெண் மட்டும் ஒரு மண்ணும் மாறவில்லை. "நல்ல பேர் வாங்க எனக்கு வராது. என்னையே எடுத்துடுங்க" என்றாள். "வாய மூடிட்டுப் போய்த் தூங்கு" என்றாள் நூலகக்காரி. ஆனால் தூக்கம் போனது அவளுக்குத்தான். முப்பத்தொன்றாம் தேதி மதியம் பத்துப் பெயர்களை எழுதிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் தலைமை நூலகர் கூப்பிட்டார்.

"என் புத்தகம் விட்டுப்போச்சேம்மா."

"விட்டுப்போகல சார். எனக்குப் பிடிக்கல. பதினோரு வருஷமாவே பிடிக்கல."

பழைய பத்திரிகைகளை பைண்டிங் செய்யும் நிலவறைக்கு அவளை மாற்ற அவரால் முடியும். அவர், "ஒரு பாட்டுகூடவா?" என்று கேட்டார். அவள் நேர்மையாக யோசித்தாள்.

"விடிஞ்சும் எழுந்துக்காத எருமை ஒண்ணு வருமே, அது பிடிக்கும் சார். நீங்க அதத் திட்ட ஆரம்பிக்கிற வரைக்கும்."

"அத எழுதறப்ப எனக்கே சிரிப்பு வந்துச்சு," என்றார் அவர். "அப்புறம், சிரிச்சா மரியாதையா இருக்காதேன்னு திட்டிட்டேன்."

அடுத்த நாள் காலை அவர் அறையில் ஓர் எருமை தூங்கிக்கொண்டிருந்தது. மாற்றல் உத்தரவு தட்டச்சாகி இழுப்பறைக்குள் தயாராக இருந்தது. எருமை அந்த இழுப்பறைமேல் முதுகைச் சாய்த்திருந்தது. அதை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அது பத்து மணிக்கு முன்னால் எழுந்திருப்பதில்லை என்பதால், எட்டு மணிக்குத் திறந்துகொண்டிருந்த நூலகம் இப்போது பத்து மணிக்குத் திறக்கிறது. புகார் எதுவும் வரவில்லை.

நாவலில் அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயதோடு சரி. இங்கே ஜூன் மாதம் பதினாறு ஆனது. கூடவே நெற்றியில் இரண்டு பருக்களும் வந்தன. பள்ளியில் சேர்க்கக் கணவர் கடையை அரைநாள் மூடிவிட்டுப் போனார். விண்ணப்பத்தில் பெற்றோர் என்ற இடத்தில், யாரையும் கேட்காமல், தன் பெயரையும் மனைவி பெயரையும் எழுதினார். முந்தைய முகவரி என்ற இடத்தில் பதிப்பகத்தின் முகவரியை எழுதினார். கிளார்க் அதை ஒருமுறை படித்துப் பார்த்து, பின்கோடு விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு, முத்திரை குத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.