காற்று போகும் பக்கம்

“இனிமே உங்கள என்னன்னு கூப்பிடறது?” என்று வாலு கேட்டபோது, நான் ஒற்றைக் காலில் தள்ளாடியபடி கணுக்காலில் துடுப்புப் பலகையின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வாலு என் நாத்தனார். சரியாகச் சொன்னால், செவ்வாய்க்கிழமை வரை நாத்தனார். அன்றுதான் அவளுடைய அண்ணனும் நானும் நீதிமன்றத்தில் கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, வாசலில் ‘பாத்துப் போ’ என்று சொல்லிப் பிரிந்தோம். பத்தொன்பது வருடக் கல்யாணம். எங்களுக்குள் சண்டை ஓய்ந்தே இரண்டு வருடமாகியிருந்தது, பேச்சும் கூடவே ஓய்ந்துவிட்டது. அது முடிந்ததில் எனக்கு அழுகை வரவில்லை. பயமெல்லாம் இவளைப் பற்றித்தான். புருஷனை விடுவதற்குச் சட்டத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாத்தனாரை வைத்துக்கொள்வதற்கு ஒரு வரி கிடையாது.

காலையிலிருந்து அவள் என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்துக்கொண்டிருந்தாள். “இங்க பாருங்க”, “கேட்டீங்களா” என்று ஒட்டியும் ஒட்டாமலும். செயற்கைப் பல் செய்கிறவள், மயிரிழை இடைவெளிகூட அவள் கண்ணில் படும். இந்த இடைவெளியை மட்டும் எதைக் கொண்டு அடைப்பதென்று தெரியாமல் முழித்தாள்.

“படகுத்துறைல எறங்கினதும் சொல்றேன்,” என்றேன். சொல்வதற்கு என்னிடமும் ஒன்றுமில்லை. பதினோரு கிலோமீட்டர் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம்தான்.

எங்கள் ஓட்டம் ஒருவழி. கலங்கரை விளக்கத்தருகே இறங்கி, பலகைமேல் நின்று துடுப்புப் போட்டபடி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு படகுத்துறை வரை. இந்தக் காற்றில் நின்றபடி திரும்பி வருவதெல்லாம் நடக்காத காரியம். அதனால் முடிகிற இடத்தில் ஒரு வண்டி வேண்டும். இத்தனை வருடம் அவளுடைய அண்ணன்தான் வேனோடு நிற்பார். தண்ணீரைக் கண்டாலே ஆகாது, ஆனால் ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். இன்று முதல்முறையாக, என் காரைப் படகுத்துறையில் விட்டுவிட்டு, அவள் காரின் தலையில் இரண்டு பலகைகளையும் கட்டி இங்கே வந்திருந்தோம்.

முதல் கால் மணி நேரம் கடல் எங்களைப் போட்டுப் புரட்டியது. இரண்டு தடவை விழுந்தேன். பிறகு கால்கள் விழித்துக்கொண்டன. முதுகுக்குப் பின்னால் அலை எழும்பும்போது நாலு துடுப்பு வேகமாகப் போட்டு, முன்னால் தெரியும் பள்ளத்துக்குள் ஓர் அடி முன்வைத்து இறங்கினால், அவ்வளவுதான், துடுப்பைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்கலாம். கடல் சுமந்து போகும். வாரம் ஆறு நாள் நாற்பத்தெட்டு பேரை நான் சுமக்கிறேன், நகரப் பேருந்து ஓட்டுகிறவள். என்னைச் சுமக்க இது ஒன்றுதான் இருக்கிறது. வாய்விட்டுக் கத்தினேன்.

“முன்னாடி அலைய தொரத்தாதீங்க! எடதுல எறங்குங்க!” என்று பின்னாலிருந்து வாலு கத்தினாள். அவள் சொல்வதெல்லாம் காற்றில் என் காதுக்கு வந்துவிடும். நான் பதில் சொன்னால் அவளுக்குப் போகாது. அது தெரிந்தே அவளை இஷ்டத்துக்குத் திட்டிக்கொண்டு, அவள் சொன்னபடியே இடதுபக்கம் இறங்கினேன்.

கரையேறியபோது சந்தோஷம் தாங்கவில்லை. என் காரருகே போய் இடுப்பைத் தடவினேன். சாவி இல்லை. உடை மாற்றியபோது கழற்றிய பேன்ட்டின் பையில், அவள் காரின் பின்சீட்டில், பதினோரு கிலோமீட்டர் தள்ளிப் பத்திரமாக இருந்தது.

“பதினாறு வருஷமா பஸ் ஓட்டுறீங்க!” வாலு மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு போனை நனையாத உறையிலிருந்து எடுத்தாள். விரல் நின்றது. “அண்ணனக் கூப்பிடவா? பத்து நிமிஷத்துல வந்துருவான்.”

“வந்துருவாரு. அதான் வேணாங்கறேன். உன் கார் சாவியக் குடு, பஸ்ல போய் எடுத்துட்டு வரேன். நீ பலகையப் பாத்துக்க.”

கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. அண்ணன் வேண்டாமென்றால் தங்கையும் வேண்டாமென்றுதானே அர்த்தம் என்று நினைத்துவிட்டாள் போல. நான் ஏதாவது சொல்வதற்குள் சாலைமேட்டில் பஸ் தெரிந்தது. ஓடினேன்.

ஓட்டுநர் எங்கள் டிப்போக்காரர்தான். “என்னக்கா இது கோலம்? சீட்டெல்லாம் நனைச்சுடாதீங்க,” என்றவர், கீழே பார்த்தார். “யாருக்கா அது, தனியா நிக்கிறது?”

கதவு மூடுவதற்குள் வெளியே தலையை நீட்டினேன். காற்று என் முதுகுப் பக்கமிருந்து நேராக அவளை நோக்கித்தான் அடித்துக்கொண்டிருந்தது.

“என் நாத்தனார்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். “எங்கயும் போயிடாதடீ, அண்ணி வந்துடறேன்!”

உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் நகர்ந்தது. கீழே வாலு, பறக்கப் பார்த்த இரண்டு பலகைகளின் மேலும் குப்புறப் படுத்து, கையை அகல விரித்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை மட்டும் துடுப்போடு மேலே எழுந்தது. வளைவு திரும்பும்வரை அது இறங்கவில்லை.