பிஸ்கட் டப்பா

ஆராய்ச்சி முடிந்துவிட்டது, மிச்ச மாத்திரைகளோடு வாருங்கள், உங்களுக்கு எது கொடுக்கப்பட்டது என்று சொல்கிறோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தபோது, பெரியவள் இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. கடிதத்தில் அக்கா தங்கை இருவர் பெயரும் இருந்தன. சின்னவள் வாசித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்து வாசித்தாள். நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவள். எழுத்தைக் கண்டால் கண் தானாக ஓடிவிடும். மனசுதான் எங்கும் போகவில்லை.

இருவருக்கும் ஒரே வீடு, ஒரே தொப்பை, ஒரே சர்க்கரை, ஒரே ரத்தக்கொதிப்பு. சேர்ந்தே பேர் கொடுத்தார்கள். பட்டுப்புழு தின்னும் முசுக்கொட்டை இலைச் சாற்றைப் பொடியாக்கி அடைத்த மாத்திரை, உடம்பில் சோர்ந்து கிடக்கும் இன்சுலினுக்குத் தோள் கொடுக்கிறதா என்று பார்க்கிறார்களாம். பாதிப் பேருக்கு அது, மீதிப் பேருக்கு வெறும் சோள மாவு. யாருக்கு எது என்று நர்ஸுக்கே தெரியாது. ஆளுக்கொரு எண் போட்ட புட்டி.

முதல் வாரமே பெரியவள் இரண்டு புட்டியையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கவிழ்த்தாள்.

“நம்பர் இருக்கேக்கா!”

“நம்பர் புட்டிக்குத்தானே குட்டி, வயித்துக்கா? அலமாரியில இடமில்ல. இதென்ன உன் லைப்ரரியா?”

ஐம்பத்திரண்டு வயதுக் குட்டி சிரித்துவிட்டாள். தடுத்திருக்கலாம்.

பெரியவளுக்குச் சலவைக் கடையில் இஸ்திரி வேலை. எதையும் ஒரே அடுக்காக வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும் மிச்சத்தை எண்ணிப் புட்டிகளில் பிரித்துப் போடுவாள். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. “உங்கள மாதிரி ஒழுங்கா யாருமே இல்லம்மா” என்பாள் நர்ஸ். வாசல் தாண்டியதும் பெரியவளுக்குச் சிரிப்பில் வயிறு குலுங்கும்.

ஒன்றரை வருடத்தில் சின்னவளுக்குச் சர்க்கரை இறங்கியது. இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்தது. பெரியவளுக்கு எதுவும் அசையவில்லை.

“டப்பாவுல கை விட்டா நல்லதெல்லாம் உன் கைக்குத்தாண்டி வருது” என்றாள்.

அதற்கடுத்த வாரம், சூடான இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மார்பைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். எழவில்லை.

சின்னவள் அழவில்லை. அந்த ஒரு பேச்சு மட்டும் தொண்டையில் மாட்டிய மாத்திரை போல நின்றது. அக்காளின் மருந்தைத் தான் தின்றுவிட்டோமா? அது தெரிந்தால் போதும்.

புறப்படும் முன் காலிப் புட்டிகளை எடுத்து வைத்துப் பார்த்தாள். எண்ணிப் போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அக்கா பொறுத்துக்கொண்ட ஊசிக் குத்துகளுக்கும் அந்த ஆராய்ச்சியில் ஓரிடம் இருக்கும். ஆனால் நர்ஸ் சொல்லப்போகும் பதில் பொய்யாகிவிடும். டப்பாவையே பையில் போட்டுக்கொண்டாள்.

“அக்கா வரலையாம்மா?”

“போயிட்டா, சிஸ்டர்.” டப்பாவை மேசையில் வைத்தாள். “ரெண்டு பேரும் இதுலேர்ந்துதான் சாப்பிட்டோம். மொதல்லேர்ந்தே.”

நர்ஸ் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தாள். “சொல்லாம இருந்திருக்கலாமேம்மா. இப்ப நான் ரெண்டு பேரையும் அடிச்சாகணும்.”

“அடிங்க.”

நர்ஸ் ஆராய்ச்சிப் பதிவேட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். முதலில் பெரியவளின் எண், பிறகு சின்னவளுடையது.

“யாருக்கு எது, சிஸ்டர்?”

நர்ஸ் அந்த எண்களுக்கான ஒட்டிய உறையைக் கிழித்தாள். “அவங்களுக்கு மருந்து. உங்களுக்கு மாவு.” சற்றுப் பொறுத்து, “ஆனா கலந்துட்டீங்களே. யார் எத முழுங்கினீங்கன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. அது வேலை செய்யுதான்னே இன்னும் தெரியல. மனச போட்டு உழப்பிக்காதீங்கம்மா” என்றாள்.

“சரி.”

மாத்திரைகளைத் தட்டில் கொட்டிவிட்டு நர்ஸ் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். எழுந்தபோது சின்னவளின் இடுப்பில் துணி தளர்ந்து இறங்கியது. இரண்டு அங்குலம். ஒரு கையில் டப்பாவும் மறு கையில் துணியுமாக வாசலுக்கு நடந்தாள்.